சைகை விளக்கின் பழுது

தமிழ் இலக்கணம் பயிலும் மாணாக்கர் மோட்டார் வண்டியின் மின்கம்பிகளைக் குறித்து எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். எழுத்ததிகாரத்திற்கும் எர்த்துக் கம்பிக்கும் என்ன இயைபு எனப் பௌதிக வகுப்பு நண்பர்கள் வினவுதலுங் கூடும். அன்னார் சிறிது பொறுத்தருள்க. சென்ற ஐப்பசித் திங்களில் எம் கண்முன் நிகழ்ந்த ஒரு விபத்தும், அதன் காரணத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்த அலைச்சலுமே எம்மை இதனை எழுதத் தூண்டின. சைகை விளக்கு எரியாமற் போவது சிறு பழுதே. ஆயின், அவ்விளக்கு யாருடைய கண்ணுக்காக எரியவேண்டுமோ அவர் வண்டிக்கு வெளியே இருக்கின்றார். அஃது எரியவில்லை என்பதை அறியவேண்டியவரோ வண்டிக்குள்ளே இருக்கின்றார். இவ்விருவர்க்கும் இடையே நேரும் பிழையே ஈண்டு எம் பொருள்.

எம் சிற்றப்பனாரிடம் பழைய சிறுகார் ஒன்று உளது. அஃது எம்மினும் இரண்டு வயது மூத்தது. விடுமுறைக்கு எம்மை ஊருக்கு அழைத்துச் செல்ல அவர் ஒருநாள் மாலை பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். திருச்செந்தூர்ச் சாலை வழியே சென்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது, பொழுதும் மங்கிற்று. செய்துங்கநல்லூரைக் கடந்து சிறிது தூரஞ் சென்றபின் எம்மூர்ப் பாதை வலப்புறமாகப் பிரியும். சிற்றப்பனார் வழக்கம்போல் ஸ்டியரிங்கின் அடியிலுள்ள கோலைத் தள்ளி வலப்புறச் சைகை இட்டார். டாஷ்போர்டில் பச்சை அம்பு மின்னிற்று. ‘டிக், டிக்’ என்னும் ஒலியும் எழுந்தது. வண்டி திரும்பத் தொடங்கிய அளவில், பின்னே மோட்டார் சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவர் எம்மை வலப்புறமாக முந்த முற்பட்டு, வண்டி குறுக்கே வருவதைக் கண்டு திடீரெனப் பிரேக்கை அழுத்தினார். ஈரச் சாலையிற் சக்கரம் வழுக்கிற்று. அவர் ஒருபுறம் வீழ்ந்தார். பாற்கேன்கள் மறுபுறம் உருண்டன. முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்ததன்றி வேறு ஊறு நேராதது பெரும்பேறே. பால் முழுதும் மழைநீரோடு கலந்து ஓடிற்று.

“சைகை காட்டாமல் திரும்பலாமா, அண்ணாச்சி?” என்று அவர் கேட்டாரேயன்றி வைது ஒரு சொல்லும் சொல்லிலர்.

“காட்டினேனே, தம்பி! இவனைக் கேளுங்கள்,” என்று சிற்றப்பனார் எம்மைச் சான்று கூட்டினார்.

யாமும் ஒலியைக் கேட்டதாகவே உறுதி கூறினோம். பால்காரர் மறுமொழி கூறாது வண்டியின் பின்புறத்தைக் கைகாட்டினார். இறங்கிச் சென்று பார்த்தோம். சைகை இன்னும் இடப்பட்டபடியே இருந்தது. முன்விளக்குப் பளிச்சுப் பளிச்சென இமைத்தது. பின்விளக்கோ நீறு பூத்த நெருப்புப்போல் கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் கிடந்தது. அதன் அருகேயுள்ள சிவப்பு விளக்கும் அதனோடு ஒத்து மங்கலாகத் துடித்தது. இப்பிற்கூறியதை அன்று யாம் ஒரு பொருளாகக் கருதிற்றிலோம்; பழுதின் மறை முழுதும் அதனுள்ளே அடங்கிக் கிடந்தமை பின்னரே விளங்கிற்று.

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறுமிடத்துக் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் கொண்டார் என்பதை நாம் வகுப்பிற் படிக்கின்றோம். ஒன்று கண்ணுக்குரியது, மற்றொன்று காதுக்குரியது. சைகை விளக்கிலும் இவ்விரண்டும் உள. விளக்கு இமைப்பது பின்வருவோர்க்கு; நொடியோசை ஓட்டுவோர்க்கு. இமையும் நொடியும் எப்பொழுதும் இணைந்தே நிகழும் என்று நம்பி ஓட்டுகின்றோம். அன்று மாலை எம் வண்டியில் நொடி இருந்தது, இமை இல்லை.

நிற்க. மறுநாட் காலையிலேயே சிற்றப்பனார் வண்டியை ஒரு பணிமனைக்குக் கொண்டுசென்றார். அவர்கள் பல்பை மாற்றினர், பயனில்லை. பிளாஷர் என்னும் பெட்டியை மாற்றினர். அதன் பின்னும் பயனில்லை. ஈற்றில், ஸ்டியரிங்கின் கீழுள்ள சுவிட்சுத் தொகுதி முழுதையும் மாற்றவேண்டும், நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். ஏன் மாற்றவேண்டும் என்று வினவியதற்கு, “வேறு என்ன இருக்கிறது?” என்பதே விடையாயிற்று. நோய் இன்னதென்று அறியாது மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே வருதலை மருத்துவரிடம் நாம் பொறுப்பதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் பொறுத்துக்கொள்கின்றோம்.

பின்னர் ஒருவர் சொற்கேட்டு, வேப்பமர நிழலில் ஒரு மரப்பெட்டியும் ஒரு முக்காலியுமே கடையாக வைத்திருக்கும் முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவரை நாடினோம். அவர் கருவி எதனையும் கையில் எடுத்திலர்; முதலில் வினாக்களை எடுத்தார்.

“இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா, தம்பி?”

“வலப்பக்கம் மட்டும், ஐயா.”

“முன்னேயா, பின்னேயா?”

“பின்னே.”

“டிக் டிக் ஒலி இரண்டு பக்கத்திற்கும் ஒரே நடையா?”

அப்பொழுதுதான் நினைவு வந்தது. சில நாட்களாகவே வலப்புறச் சைகையில் ஒலி விரைந்து வந்ததை யாம் கேட்டிருந்தோம். வண்டிக்கு வயதாயிற்று, அதன் நாடி அப்படி என்று சிற்றப்பனார் நகைத்ததும் உண்டு. இதனைக் கூறவும் பெரியவர் தலையசைத்து, “கூடவே வேறு விளக்கு ஏதாவது துடிக்கிறதா?” என்றார். சிவப்பு விளக்கைச் சொன்னோம்.

“அப்படியானால் பல்பு பாவம், சுவிட்சும் பாவம். டிக்கியைத் திறவுங்கள்,” என்று கூறி எழுந்தார்.

நான்கு வினாக்களில் அவர் கண்டது யாதென விளங்கவேண்டுமாயின், சைகை விளக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஆதியிற் கையே சைகையாயிருந்தது. ஊமைப்படக் காலத்து அமெரிக்க நடிகை பிளாரன்ஸ் லாரன்ஸ் என்பார் 1914-ஆம் ஆண்டளவில் வண்டியின் பின்னே எழுந்து தாழும் கைகாட்டி ஒன்றை அமைத்தார் என்பர். ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் 1928-இல், இரயில்வேக் கைகாட்டியைப் போல வண்டியின் பக்கத்திலிருந்து நீளும் சிறு கையைச் செய்து விற்கலாயினர். இமைக்கும் விளக்கை அமெரிக்காவின் பியூக் வண்டிகள் 1939-இல் தாங்கி வந்தன. கையை அறவே ஒழித்துவிட்டோம் என எண்ணற்க. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு, ஓட்டுவோர் உரிய சைகைகளைக் காட்டவேண்டும் என விதித்து, திரும்பும் சைகையையும் நிறுத்தும் சைகையையும் இயந்திரத்தாலோ மின்சாரத்தாலோ காட்டலாம் என இசைவு தருகின்றது. வழியில் விளக்கு அவிந்தால் வலக்கையை வெளியே நேராக நீட்டுதல் வலப்புறம் திரும்புதற்கும், நீட்டிய வலக்கையை இடஞ்சுழியாகச் சுழற்றுதல் இடப்புறம் திரும்புதற்கும் சைகையாம். இவற்றை அறிந்த இளைஞர் எத்துணையர்?

இனி மின்சாரம் செல்லும் வழியைக் கூறுவாம். பழைய வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் அது பாட்டரியினின்று புறப்பட்டு, சாவியின் வழியாகவும் ஒரு பியூசின் வழியாகவும் வந்து, அபாய விளக்கின் சுவிட்சை ஊடுருவி, பிளாஷர் பெட்டியை அடையும். அபாய விளக்கு என்றது சிவப்பு முக்கோணம் பொறித்த பொத்தானை அழுத்தினால் நான்கு மூலையும் ஒருங்கே இமைப்பதனை. பிளாஷரிலிருந்து வெளிவந்த மின்சாரம் ஸ்டியரிங்கின் கீழுள்ள கோலை அடைந்து, கோல் காட்டும் திசைக்கேற்ப இடமாகவோ வலமாகவோ பிரியும். பிரிந்தபின் அப்பக்கத்து முன்விளக்கு, பின்விளக்கு, பக்கவாட்டுச் சிறுவிளக்கு ஆகியவற்றை எரிக்கும். முன்னும் பின்னும் உள்ளவை 21 வாட், பக்கவாட்டிலுள்ளது 5 வாட் என்பது பெருவழக்கு. 12 வோல்ட் மின்கலத்திற்கு ஒருபக்கத்து மூன்று விளக்குகளும் கூடி ஏறத்தாழ 4 ஆம்பியர் மின்னோட்டத்தை ஈர்க்கும்.

இம்மட்டில் வழி பாதியே முடிந்தது. விளக்கை எரித்த மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பவேண்டும். அதற்கெனத் தனிக்கம்பியைப் பாட்டரிவரை இழுப்பதில்லை. விளக்கின் ஹோல்டரிலிருந்து ஒரு குறுங்கம்பியை அருகிலுள்ள இரும்பில் ஒரு திருகாணியால் முடுக்கிவிடுவர். வண்டியின் உடலே திரும்பும் வழியாகின்றது. இதனையே பணிமனைகளில் எர்த்து என வழங்குவர். ஒருவர் கண்ணுக்கும் படாத இத்திருகாணியை மறந்தே பலர் பழுதைத் தேடப் புகுகின்றனர். போகும் வழியையெல்லாம் ஆராய்ந்துவிட்டு வரும் வழியை ஆராயாது விடுகின்றனர்.

விளக்கை இமைப்பிப்பது பிளாஷர். பழைய பிளாஷரினுள்ளே, சூட்டினால் வெவ்வேறளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு நாக்கு இருக்கும். மின்சாரம் செல்லச் சூடேறி நாக்கு வளையும்; வளைந்ததும் தொடர்பு அறும்; விளக்கு அவியும்; சூடு தணிய நாக்கு நிமிரும்; மீண்டும் விளக்கு எரியும். இவ்வகையில் ஒரு பல்பு பழுதுற்றால் மின்னோட்டம் குறைந்து, நாக்குச் சூடேற நேரமாகும். ஆதலின் பெரும்பாலும் விளக்கு இமையாமல் நின்றெரியும், அல்லது நடை தளரும். பின்வந்த எலெக்ட்ரானிக் பிளாஷர்களோ ஓடும் மின்சாரத்தை அளந்து பார்க்கின்றன. அது குறைந்தால், பல்பு ஒன்று இல்லை என்பதை ஓட்டுநர்க்கு அறிவிக்கும்பொருட்டு ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் இமைப்பிக்கின்றன. முறையான நடை நிமிடத்திற்கு 90; பன்னாட்டு விதி 60 முதல் 120 வரை ஏற்கின்றது. எம் வண்டியின் பெட்டி இப்பிந்திய வகையைச் சார்ந்தது. “ஒரு விளக்கு இல்லை, ஒரு விளக்கு இல்லை” என்று அது சில நாட்களாகக் கூவிக்கொண்டிருக்க, அதனை முதுமையின் நாடி என்று யாம் நகைத்திருந்தோம்!

டிக்கியினுள் விரித்திருந்த கம்பளத்தைப் பெரியவர் தூக்கினார். கீழே மழைநீர் தேங்கி நின்றது. பின்விளக்கின் ரப்பர் விளிம்பு வெடித்து, அதன் வழியே நீர் புகுந்திருந்தது. அவர் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, அதன் ஒரு முனையை ஹோல்டரின் உலோகத்திலும் மறுமுனையைத் துருவேறாத இரும்பிலும் தொடுவித்தார். மங்கிக் கிடந்த விளக்குக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாய் எழுந்தது. சிவப்பு விளக்கின் துடிப்பும் நின்றது. ஒலியும் பழைய நடைக்கு வந்தது. கம்பியை எடுத்தார், மீண்டும் நீறு பூத்தது.

காரணம் வெளிப்படை. எர்த்துத் திருகாணி துருப்பிடித்து மின்சாரத்திற்கு வழி விடாது நின்றது. கடைமடை அடைபட்டால் நீர் சும்மா நிற்பதில்லை. அயல் வயலின் வரப்பைக் கடந்து எப்படியேனும் போகப் பார்க்கும். அதுபோல, திரும்ப வழியற்ற மின்சாரம் அதே ஹோல்டரைப் பகிர்ந்துகொள்ளும் பிரேக் விளக்கின் இழையினூடே பின்னோக்கிச் சென்று, அக்கம்பி வழியே மறுபக்கத்துப் பிரேக் விளக்கை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தைத் தேடிற்று. பல இழைகளைக் கடக்கவேண்டியிருந்தமையின் எவ்விளக்கும் நன்கு எரிந்திலது. ஒரு விளக்கை ஏற்ற வேறொரு விளக்கும் உடன் மங்கலாகத் துடிக்குமாயின், பல்பை மாற்றுமுன் எர்த்தைப் பார்க்க. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வோர் இதனைக் கொள்க. பெரியவர் உப்புத்தாளால் இரும்பையும் கம்பியின் முனையையும் வெண்மை தோன்றத் தேய்த்து, புதிய திருகாணியை முடுக்கி, அதன்மேல் வாசலைன் தடவினார். வெடித்த ரப்பருக்கும் மாற்று வைத்தார். நாலாயிரம் ரூபாய் வேலை நூற்றைம்பதில் முடிந்தது.

எல்லாப் பழுதும் இவ்வழியின்பாற்பட்டது அன்று. அவர் எமக்குப் பின்னர்ச் சொல்லிய முறையை இங்கே தருகின்றோம்.

இரு பக்கமும் அவிந்திருப்பின் பல்பைத் தொடவேண்டுவதில்லை. இரண்டு பக்கத்துப் பல்புகளும் ஒரே நாளில் இறத்தல் அரிது. பழுது இரு பக்கத்திற்கும் பொதுவான இடத்திலேதான் இருக்கவேண்டும். அபாய விளக்கின் பொத்தானை அழுத்திப் பார்க்க. நான்கும் இமைத்தால், பல்புகளும் அவற்றின் கம்பிகளும் எர்த்தும் நல்லனவே. இரண்டிற்கும் ஒரே பிளாஷர் உள்ள வண்டியாயின் அதுவும் நல்லதே. அப்பொழுது ஐயம் மூன்றிடத்தில் நிற்கும்: சாவி வழியாக வரும் பியூஸ், அபாயச் சுவிட்சின் உட்தொடர்பு, கோல். இவற்றுள் அபாயச் சுவிட்சு குற்றவாளியாதல் எம் போல்வார்க்கு வியப்பளிக்கும். சைகைக்குச் செல்லும் மின்சாரம் அதன் வழியே செல்வதால், ஆண்டுக்கணக்கில் ஒருவரும் தொடாத அச்சுவிட்சினுள் களிம்பு படிந்து வழியை அடைத்துவிடுகின்றது. பத்துப் பதினைந்து முறை அழுத்தி அழுத்தி விடுவித்தால் களிம்பு தேய்ந்து விளக்கு உயிர்பெறுவதுண்டு. செலவில்லாத மருத்துவம் இஃதொன்றே.

(அபாய விளக்கைப் பற்றிப் பேசுங்கால் ஒன்று சொல்லாமலிருக்க இயலவில்லை. நாற்சந்தியில் நேரே செல்வதற்கு நான்கு விளக்கையும் இமைப்பிக்கும் வழக்கம் நம் சாலைகளிற் பரவியுள்ளது. ஒரு பக்கத்தை மட்டும் காண்பவர்க்கு அது திரும்பும் சைகையாகவே தோன்றும். நேரே செல்வதற்குச் சைகை வேண்டா.)

அபாய விளக்கும் எரியாவிடின் பிளாஷரையும் அதன் பியூசையும் பார்க்க. பிளாஷரைச் சோதிக்க எளிய வழி உண்டு. டாஷ்போர்டின் கீழே சுருட்டுப்பெட்டியளவினும் சிறியதாய் அது இருக்கும். அதனைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இடத்தில் மின்சாரம் வரும் துளையையும் போகும் துளையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, சாவியைத் திருப்பி, கோலைத் தள்ளுக. பெட்டியின்மேல் ஜப்பானிய முறையில் பி, எல் என்னும் எழுத்துக்களும், ஜெர்மானிய முறையில் 49, 49ஏ என்னும் எண்களும் இவ்விரண்டைக் குறிக்கும். விளக்கு இமையாமல் நின்றெரியுமாயின் பிளாஷரே பழுது. மூன்றாவதாக இ என்றோ 31 என்றோ குறித்த துளை எர்த்துக்குரியது. அதனோடு கம்பியைச் சேர்த்தல் கூடாது. சேர்த்தால் பியூஸ் போகும்.

பியூஸ் போனால் அதே ஆம்பியருள்ள வேறொன்றையே இடுக. மீண்டும் போகுமாயின் எங்கோ ஒரு கம்பி இரும்பைத் தொடுகின்றது என்று பொருள். சிகரெட்டுத்தாளைச் சுற்றியும் செப்புக்கம்பியைச் செருகியும் சமாளிப்பார் உளர். அவர் வண்டியில் பியூசுக்குப் பதிலாகக் கம்பியின் தோல் எரியும்.

ஒரு பக்கம் மட்டும் பழுதாயின் பிளாஷரும் பியூசும் குற்றமற்றவை. அங்கே முதல் ஐயம் பல்பின்மீதே. அழுத்தித் திருப்பினால் அது கழன்று வரும். இழை அறுந்திருக்கிறதா, கண்ணாடி கறுத்திருக்கிறதா, அடியிலுள்ள ஈயப்பொட்டு தேய்ந்திருக்கிறதா என நோக்குக. மஞ்சள் பல்பின் பக்கத்து இரு முளைகளும் நேரெதிரே இராமல் சிறிது கோணி அமைந்திருக்கும். வெள்ளைப் பல்பை அதற்குரிய ஹோல்டரில் இடாதவாறு வேண்டுமென்றே செய்த அமைப்பு அது. பொருந்தாததை வலிந்து திணித்து ஹோல்டரை உடைத்தவர் பலர். பல்பு நல்லதாயின், இரு கம்பி பொருத்திய 12 வோல்ட் சிறுவிளக்கு ஒன்றால் ஹோல்டருக்கு மின்சாரம் வருகிறதா எனச் சோதிக்க. வந்தால் குற்றம் எர்த்தில். வராவிடின் கம்பியிலோ கோலிலோ. கோலைச் சிறிது அசைக்க விளக்கு எரிந்து எரிந்து அவியுமாயின், அதனுள்ளிருக்கும் தொடர்பு தேய்ந்தது. கம்பியாயின், பின்கதவு மடங்கும் இடத்தில் வளைந்து வளைந்து அறுதல் உண்டு. கிராமத்தில் வண்டியை நெற்களஞ்சியத்தின் அருகே நிறுத்துவோர் எலியையும் கணக்கில் வைத்துக்கொள்க.

எல்.இ.டி. விளக்கு மாட்டிக்கொள்வதில் விருப்புடைய விடுதி நண்பர்க்கு ஒரு சொல். அவ்விளக்கு ஈர்க்கும் மின்சாரம் மிகக் குறைவு. பழைய பிளாஷர் அதனைக் கண்டு பல்பு இறந்தது என்றே கருதி விரைந்து இமைப்பிக்கும். இதனைப் பழுதென்று மயங்கற்க. 6 ஓம் தடை ஒன்றைச் சேர்த்து மின்சாரத்தை வீணே ஓடவிட்டுப் பெட்டியை ஏமாற்றுவோர் உளர். அத்தடையில் 24 வாட் அளவு சூடு எழும். பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டினால் உருகும். எல்.இ.டி.க்கென்றே செய்த பிளாஷரை வாங்கி இடுதலே நேர்வழி.

புதிய வண்டிகளிற் பிளாஷர் என்னும் பெட்டியே இல்லை. கணிப்பொறியே விளக்கை இமைப்பிக்கின்றது. ‘டிக், டிக்’ என்பதும் ஒலிபெருக்கியில் எழுப்பும் போலி ஓசையே. அவற்றில் நாம் பியூசையும் பல்பையும் எர்த்தையும் பார்ப்பதோடு நின்றுவிடல் நலம். காற்றுப்பை உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைக் கழற்றப் புகுதல் உயிர்க்கே ஊறு. அதனைத் தக்கார்க்கே விடுக.

ஒருவர் தனியே நின்று பின்விளக்கைப் பார்த்தல் எங்ஙனம் என்னும் வினா எழலாம். மாலையில் வண்டியைப் பின்னோக்கிச் சுவரருகே நிறுத்திச் சைகை இட்டால், சுவரின்மேல் விழும் மஞ்சள் ஒளியைக் கண்ணாடியிற் காணலாம். கடையின் முன்னுள்ள கண்ணாடிக் கதவும் இதற்கு உதவும். சிற்றப்பனார் இப்பொழுது வாரந்தோறும் எம் வீட்டு மாட்டுத்தொழுவத்தின் வெள்ளைச் சுவரில் இதனைச் செய்கின்றார். எம் சிறு தங்கை சுவரருகே நின்று எண்ணிச் சொல்கின்றாள். சென்ற முறை வலப்புறம் நிமிடத்திற்கு 86, இடப்புறம் 88.

பால்காரர்க்குப் பாலின் விலையையும் மருந்துச் செலவையும் சிற்றப்பனார் அன்றே கொடுத்தார். அவர் வழியும் எங்கள் வழியும் மாலையில் ஒன்றே. கிளைப்பாதை நெருங்கும்போது, விளக்கு எரிந்தும், சிற்றப்பனார் வலக்கையையும் வெளியே நீட்டுகின்றார். பின்னே வருபவர் பால்காரராயிருப்பின் ஒருமுறை ஹாரனை அடித்து, விளக்குத் தெரிவதை எங்கட்கு அறிவிக்கின்றார்.